சதுரங்கச் சுவடுகள் – 14: மொபசலிலிருந்து வந்த பிராமணர்

லண்டனில் 1851ஆம் ஆண்டு நடந்த முதல் சர்வதேசப் போட்டியைச் சென்ற இதழில் பார்த்தோம். பதினாறு பேர் ஆடினார்கள். ஜெர்மானியரான அடால்ஃப் ஆண்டர்சன் வென்றார். அந்தக் காலத்தில் லண்டனிலும் பாரிஸிலும் நடந்த ஆட்டங்களில் பெரும்பாலானவை ஒரே விதமாகத்தான் தொடங்கின. வெள்ளை ராஜாவின் முன்னால் நிற்கும் சிப்பாய் இரண்டு கட்டம் பாயும். கறுப்பு ராஜாவின் சிப்பாயும் இரண்டு கட்டம் பாய்ந்து அதற்கு முட்டுக்கொடுத்து நிற்கும். நடுப்பலகையில் சிப்பாயை நிறுத்தியவருக்கே ஆட்டம் சொந்தம் என்று ஐரோப்பா உறுதியாக நம்பியது. ஐந்தாறு நகர்த்தலுக்குள் யாராவது ஒருவர் ஒரு சிப்பாயையோ குதிரையையோ பலி கொடுத்துவிட்டு எதிராளியின் ராஜாவைத் துரத்தத் தொடங்கிவிடுவார்.

லண்டனில் ஆடிய பதினாறு பேரில் கல்கத்தாவிலிருந்து போனவர் ஒருவரும் இல்லை. அதே ஆண்டுகளில் அந்த நகரத்தில் இரண்டு பேர் ஒரு பலகையின் இருபுறமும் உட்கார்ந்து ஆட்டம் ஆட்டமாக ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஸ்காட்லாந்துக்காரர், தொழிலில் பாரிஸ்டர், ஐரோப்பாவின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களோடு மோதியவர். மற்றவர் வங்காளத்து உள்நாட்டிலிருந்து வந்த பிராமணர். ஐரோப்பிய விதிகளுக்குப் புதியவர். இன்றைக்கு உலகப் பட்டப் போட்டிகளில் ஆடப்படும் இரண்டு பெரிய தற்காப்பு முறைகளை அந்தப் பலகையில் இந்த வங்காளிதான் ஆடிக் காட்டினார்.

முதலில் பாரிஸ்டரைப் பற்றி. ஜான் காக்ரன் 1798இல் பிறந்தவர். 1821இல் பாரிஸுக்கு அருகே செயின்ட் க்ளூவில், பிரான்ஸின் இரு பெரும் ஆட்டக்காரர்களான தெஷாபெல், லாபூர்தொனே இருவரோடும் ஆடினார். மறு ஆண்டே செஸ் பற்றி ஒரு நூல் எழுதி வெளியிட்டார். 1824இல் லண்டன் கிளப்புக்கும் எடின்பரோ கிளப்புக்கும் இடையே கடிதம் மூலம் புகழ்பெற்ற போட்டி ஒன்று தொடங்கியது. காக்ரன் லண்டன் அணியில் இருந்தார். போட்டி முடியும்வரை காத்திருக்காமல் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார். கல்கத்தாவில் வக்கீல் தொழில் அவருக்காகக் காத்திருந்தது. 1840களின் தொடக்கத்தில் விடுப்பில் லண்டன் போனபோது, அன்றைய இங்கிலாந்தின் முதன்மை ஆட்டக்காரரான ஹோவர்ட் ஸ்டாண்டனோடு நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினார். தோற்றவைதான் அதிகம். ஆனால் அந்த நாளில் ஸ்டாண்டனிடம் தோற்காதவர் யார்? விடுப்பு முடிந்து காக்ரன் கல்கத்தா திரும்பினார். அங்கே அவருக்கு ஈடுகொடுத்து ஆட ஆளில்லை.

ஈடுகொடுக்கும் ஆள் கிடைத்த கதையை ஸ்டாண்டன் நடத்திய செஸ் இதழுக்குக் கல்கத்தாவிலிருந்து போன ஒரு கடிதம் சொல்கிறது. அது 1850இல் அச்சானது. கல்கத்தா கிளப்பின் உறுப்பினர் ஒருவர் மொபசலில், அதாவது தலைநகரைத் தாண்டிய உள்நாட்டில், இருந்தபோது ஒரு செய்தி அவர் காதுக்கு வந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு பிராமணர் இருக்கிறார், சதுரங்கத்தில் அவரை இதுவரை யாரும் தோற்கடித்ததில்லை என்று. உறுப்பினர் தேடிப் போய் அவரோடு ஆடினார். ஆட்டத்தின் பலம் தெரிந்தது. அந்தப் பிராமணரைக் கல்கத்தாவுக்கு அழைத்து வந்து காக்ரனின் எதிரே உட்கார வைத்தார்கள். பிறகு கிளப்பே அவருக்குச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டது. அவர் பெயர் மகேஷ்சந்திர பானர்ஜி. ஆண்டு 1848.

சம்பளத்துக்கு ஆடியவர் என்பதைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். காக்ரனுக்கு செஸ் ஓய்வுநேரத்துப் பெருமை. மகேஷ்சந்திரருக்கோ அது பிழைப்பு. கிளப்பில் யார் வந்து உட்கார்ந்தாலும் அவர் ஆடியாக வேண்டும். அதுவும் தம் ஊர் விதிகளை ஒதுக்கிவிட்டு, வந்தவர்களின் விதிகளில். அந்த நிலையில் இருந்துகொண்டே காக்ரனிடமிருந்து ஆட்டங்களைப் பறித்தவர் அவர்.

விதிகளின் வித்தியாசத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். இந்த அத்தியாயத்தின் உயிர்நாடியே அதில்தான் இருக்கிறது. இந்தியாவில் அன்று ஆடப்பட்ட சதுரங்கம் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். பரவலாக இருந்த வழக்கம் இது: சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரே கட்டம்தான் போகும். ராஜாவும் யானையும் இடம் மாறிக் கோட்டை கட்டிக்கொள்ளும் வழக்கம் இல்லை. அதற்குப் பதிலாக ராஜா ஆட்டத்தில் ஒரே ஒரு முறை குதிரையைப் போலத் தாவலாம். கடைசி வரிசையைத் தொட்ட சிப்பாய் எல்லா ஊரிலும் ராணியாகிவிட முடியாது. எந்தக் காயின் நெடுவரிசையில் போய் நிற்கிறதோ அந்தக் காயாக மாறுவது பல இடங்களில் வழக்கம். மறே என்ற ஆங்கிலேயர் 1913இல் எழுதிய சதுரங்க வரலாறு இந்த வழக்கங்களையெல்லாம் விரிவாகப் பதிவு செய்திருக்கிறது.

சிப்பாய் ஒரு கட்டம்தான் நகரும் என்றால் ஆட்டத்தின் போக்கே மாறிவிடும். இரு படைகளும் நடுப்பலகையில் உடனே முட்டிக்கொள்ளாது. அவரவர் தம் பக்கத்தில் நிதானமாக அணிவகுக்க நேரம் இருக்கும். மந்திரியை வெளியே கொண்டுவர வேண்டுமா? அதன் பக்கத்துக் குதிரைக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி, அது நின்ற இடத்தில் மந்திரியை வைத்துவிட்டால் போதும். அங்கிருந்து பலகையின் ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை நீளும் குறுக்குக்கோடு முழுவதும் அதன் பார்வையில் இருக்கும். ஐரோப்பாவில் இத்தாலியப் பெயரால் ஃபியான்கெட்டோ என்று அழைக்கப்பட்ட இந்த அமைப்பை அன்றைய லண்டன் ஆட்டக்காரர்கள் ஓரங்கட்டி வைத்திருந்தார்கள். மொபசலில் வளர்ந்தவருக்கு அதுதான் இயல்பான ஆட்டம்.

இரு விதிகளும் சந்தித்தது கல்கத்தாவில் மட்டும் அல்ல. 1814இலேயே பம்பாயில் ஓர் ஆங்கில நூல் அச்சாகியிருந்தது. ஐரோப்பிய முறைக்குப் பொருந்தும்படி அமைத்த சதுரங்க நிலைகளை, சமஸ்கிருத மூலத்திலிருந்து மொழிபெயர்த்துத் தொகுத்த நூல். ஆசிரியர் திருவேங்கடாசாரிய சாஸ்திரி. பெயரைப் பார்த்ததுமே தென்னாட்டவர் என்று தெரிகிறது. இந்தியப் பண்டிதர்கள் வந்தவர்களின் விதிகளை மகேஷ்சந்திரருக்கு ஒரு தலைமுறை முன்பே கற்றுத் தேர்ந்திருந்தார்கள் என்பதற்கு இந்த நூலே சான்று.

கல்கத்தாவுக்குத் திரும்புவோம். காக்ரன் தாக்குவதற்கென்றே பிறந்தவர். 1848இல் மகேஷ்சந்திரரோடு ஆடிய ஓர் ஆட்டத்தில், நாலாவது நகர்த்தலிலேயே கறுப்பு ராஜாவின் பக்கத்துச் சிப்பாயை வெட்டித் தம் குதிரையைத் தூக்கிக் கொடுத்தார். ராஜா வெளியே வந்துதான் அந்தக் குதிரையைப் பிடிக்க வேண்டும். அதற்கு விலையாகக் கிடைப்பது இரண்டு சிப்பாய்களும் அலைந்து திரியும் ஒரு ராஜாவும். பெட்ராஃப் தற்காப்பில் வரும் இந்தப் பலி இன்றும் காக்ரன் கேம்பிட் என்ற பெயரில்தான் வழங்குகிறது. 1999இல் லினாரெஸ் போட்டியில் டோபலோவ் கிராம்னிக்குக்கு எதிராக இதை ஆடிப் பார்த்தார். ஆட்டம் டிராவில் முடிந்தது. தாக்கியவரின் பெயர் ஓப்பனிங்குக்கு நிலைத்துவிட்டது என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தற்காத்தவருக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

இப்போது 1855ஆம் ஆண்டு மே மாதத்து ஆட்டத்துக்கு வருவோம். கட்டங்களுக்கு இன்று எல்லோரும் சொல்லும் பெயர்களையே வைத்துக்கொள்ளலாம். வெள்ளையின் இடப்பக்கத்திலிருந்து ஏ முதல் எச் வரை எட்டு நெடுவரிசைகள். வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை எட்டுக் குறுக்குவரிசைகள். வீட்டில் பலகை இருந்தால் எடுத்து வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

காக்ரனுக்கு வெள்ளை. ராணியின் சிப்பாயை டி4க்குத் தள்ளினார். மகேஷ்சந்திரர் பதிலுக்குத் தம் சிப்பாயை நடுவில் நிறுத்தவில்லை. குதிரையை எஃப்6க்குக் கொண்டுவந்தார். காக்ரன் அடுத்த சிப்பாயை சி4இல் வைத்தார். கறுப்பு ஜி6 என்று ஒரே ஒரு கட்டம் நகர்ந்தது. காக்ரனின் குதிரை சி3க்கு வந்தது. மூன்றாவது நகர்த்தலாக மகேஷ்சந்திரர் டி5 என்று தம் ராணியின் சிப்பாயை இரண்டு கட்டம் பாய வைத்தார்.

இந்த டி5தான் அந்த ஆட்டத்தின் சிறப்பு. ஜி6 இந்திய ஆட்டத்தின் வாசனை கொண்டது. மந்திரிக்கு இடம் ஒதுக்கும் பழைய பழக்கம் அது. டி5 அப்படி இல்லை. சிப்பாய் இரண்டு கட்டம் பாயலாம் என்ற ஐரோப்பிய விதி இருந்தால் மட்டுமே அது முடியும். உள்ளூர் விதியில் வளர்ந்தவர் டி6 என்று நின்றிருப்பார். ஐரோப்பிய விதியில் மட்டும் வளர்ந்தவர் ஜி6ஐ யோசித்தே இருக்கமாட்டார். இரண்டும் கைவந்த ஒருவர்தான் இரண்டையும் ஒரே திட்டத்துக்குள் கோத்திருக்க முடியும் என்பது இந்தத் தொடரின் துணிபு.

ஆட்டம் தொடர்ந்தது. காக்ரன் இ3 என்று அடக்கமாக ஆடினார். கறுப்பு மந்திரி ஜி7இல் போய் உட்கார்ந்தது. வெள்ளைக் குதிரை எஃப்3க்கு வந்ததும் கறுப்பு ராஜா கோட்டை கட்டிக்கொண்டார். காக்ரன் டி5 சிப்பாயை வெட்டினார். கறுப்புக் குதிரை அந்தச் சிப்பாயைத் திருப்பி வெட்டி நடுவே நின்றது. வெள்ளை மந்திரி இ2க்கு வர, மகேஷ்சந்திரர் குதிரையால் சி3இல் நின்ற குதிரையை வெட்டினார். காக்ரன் பி சிப்பாயால் அதைப் பிடித்தார். மேலோட்டமாகப் பார்த்தால் வெள்ளைக்கு லாபம். நடுப்பலகை முழுக்க அவருடைய சிப்பாய்கள். கறுப்புக்கு அங்கே ஒன்றுகூட இல்லை.

உடனே மகேஷ்சந்திரர் சி5 என்று அடித்தார். காக்ரன் கோட்டை கட்ட, கறுப்பு டி4 சிப்பாயை வெட்டியது, வெள்ளை திருப்பி வெட்டியது. அடுத்துக் கறுப்புக் குதிரை சி6க்கும், சற்றுப் பொறுத்து மந்திரி ஜி4க்கும் வந்தன. பலகையைக் கவனியுங்கள். ஜி7 மந்திரி தூரத்திலிருந்து டி4 சிப்பாயைக் குறிவைக்கிறது. சி6 குதிரையும் அதையே குறிவைக்கிறது. ஜி4 மந்திரி, டி4ஐக் காக்கும் எஃப்3 குதிரையை அழுத்துகிறது. நடுவை எதிராளிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, பிறகு சுற்றிலும் நின்று அதையே தாக்குவது. இன்று பயிற்சியாளர்கள் க்ரூன்ஃபெல்ட் தற்காப்பு என்று கற்றுத்தரும் திட்டம் வரிக்கு வரி இதுதான். பன்னிரண்டு நகர்த்தல் முடிந்தபோது இரு பக்கத்து யானைகளும் சி வரிசையில் எதிரெதிரே நின்றன. கறுப்புக்கு எந்தக் குறையும் இல்லை.

குறை அதற்குப் பிறகு வந்தது. காக்ரன் மந்திரியை ஏ3க்கு நகர்த்தி இ7 சிப்பாயைப் பார்த்தார். மகேஷ்சந்திரர் ராணியை ஏ5க்கு அனுப்பி அந்த மந்திரியையே மிரட்டினார். காக்ரனின் ராணி பி3க்கு வந்தது. மந்திரியைக் காத்தபடியே எஃப்7 வரை நீளும் குறுக்குக்கோட்டையும் பிடித்துக்கொண்டது. இந்த இடத்தில் மகேஷ்சந்திரர் எஃப்8இல் இருந்த யானையை இ8க்கு நகர்த்தினார். இ7 சிப்பாயைக் காப்பது நோக்கம். ஆனால் அந்த யானைதான் எஃப்7ஐயும் காத்துக்கொண்டிருந்தது. அது விலகியதும் எஃப்7க்கு ராஜாவைத் தவிர வேறு காவல் இல்லை.

காக்ரனுக்கு அது போதும். யானையை சி5க்குக் கொண்டுவந்து ராணியைத் துரத்தினார். ராணி பி6க்குப் போக, யானை பி5க்கு வந்து மறுபடி துரத்தியது. ராணி புறப்பட்ட இடமான டி8க்கே திரும்ப வேண்டியதாயிற்று. பதினேழாவது நகர்த்தலில் வெள்ளைக் குதிரை ஜி5க்குப் பாய்ந்தது. அந்த ஒரே பாய்ச்சலில் எஃப்7க்கும் ஆபத்து, ஜி4இல் நின்ற கறுப்பு மந்திரிக்கும் ஆபத்து. மகேஷ்சந்திரர் மந்திரியால் இ2 மந்திரியை வெட்டினார். பார்க்க நல்ல நகர்த்தல். அங்கிருந்து வெள்ளையின் இரண்டு யானைகளையும் அது ஒரே நேரத்தில் மிரட்டியது. காக்ரன் யானைகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. குதிரையால் எஃப்7ஐ வெட்டினார். கறுப்புக் குதிரை ஏ5க்குத் தாவி வெள்ளை ராணியைத் தாக்கியது. அதற்குள் நேரம் கடந்துவிட்டது. மூன்றே நகர்த்தலில் மேட்.

எப்படி என்று பார்ப்போம். குதிரை எச்6க்குப் போகும். குதிரையும் செக், அது விலகியதால் ராணியும் செக். இரட்டைச் செக்குக்கு ராஜா நகர்ந்தே ஆக வேண்டும். எஃப்8க்கு வந்தால் ராணி எஃப்7இல் மேட். மூலையில் எச்8க்கு ஒதுங்கினால் வெள்ளை ராணி ஜி8இல் போய்த் தன்னையே பலி கொடுக்கும். யானை அதை வெட்டியாக வேண்டும். வெட்டியதும் குதிரை மறுபடி எஃப்7க்கு வரும். ராஜாவைச் சுற்றி அவருடைய யானை, மந்திரி, சிப்பாய். நகர ஒரு கட்டம்கூட இல்லை.

ஆக, க்ரூன்ஃபெல்ட் தற்காப்பின் முதல் ஆட்டத்தில் கறுப்பு தோற்றது. தோல்விக்கு ஓப்பனிங் காரணம் அல்ல. ஒரு யானை இடம் மாறியதும் ராணி வீணாக அலைந்ததும்தான் காரணம். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தோற்ற ஆட்டத்தின் தொடக்கத்தை உலகம் திரும்பிப் பார்ப்பதில்லை.

வென்ற ஆட்டங்களும் உண்டு. அதே இருவர் ஆடிய இன்னொன்றில் காக்ரன் சி, டி, இ, எஃப் ஆகிய நான்கு வரிசைச் சிப்பாய்களையும் நாலாம் வரிசையில் சுவர் போல நிறுத்தினார். மகேஷ்சந்திரர் டி6, ஜி6, மந்திரி ஜி7, குதிரை எஃப்6 என்று தம் மொபசல் பாணியில் அடுக்கினார். இன்றைய பெயரில் இது கிங்ஸ் இந்தியன், நான்கு சிப்பாய்த் தாக்குதல். பிறகு இ5 என்று சுவரை உடைத்தார். இ4 சிப்பாய்க்காக ஒரு குதிரையைக் கொடுத்தார். அடுத்து எஃப்5, இ4 என்று தம் சிப்பாய்களை ஓடவிட்டார். காக்ரனின் குதிரை இ6இல் புகுந்து ராணியையும் யானையையும் சேர்த்துக் குத்தியது. மகேஷ்சந்திரர் ராணியை நகர்த்தவில்லை. சிப்பாயால் எஃப்3இல் நின்ற குதிரையை வெட்டினார். காக்ரன் ராணியை எடுத்தார். அந்தச் சிப்பாய் இன்னும் ஓர் அடி வெட்டி ஜி2இல் நின்றது. மூலையில் இருந்த வெள்ளை யானைக்கு மிரட்டல். ஜி4இல் நின்ற அவருடைய இன்னொரு மந்திரிக்கும் வழி திறந்தது. அந்த வழியின் முடிவில் வெள்ளை ராணி நின்றது. யானை தப்பியது, ராணி போயிற்று. கறுப்பு யானைக்கு ஈடாகக் குதிரையை வைத்துக்கொண்டு, தம் மந்திரிகளின் பலத்தால் மகேஷ்சந்திரர் அந்த ஆட்டத்தை வென்றார். இன்றைய கணக்கில் அந்தப் பலிகள் எல்லாம் சரியானவையா என்று கேட்டால், ஐயம் உண்டு. ஆனால் மொபசலிலிருந்து வந்தவர் ஒதுங்கித் தற்காக்க மட்டுமே தெரிந்தவர் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு ஆட்டம் போதும்.

இந்த ஆட்டங்கள் லண்டன் இதழ்களில் அச்சாயின. அங்கே படித்தவர்களில் பலர் இவற்றை ஒழுங்கற்ற தொடக்கங்கள் என்ற பட்டியலில் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். 1884வாக்கில் இந்தியத் தற்காப்பு என்ற பெயர் அச்சில் தென்படுகிறது. ஆனாலும் அந்த நூற்றாண்டின் பெரிய ஆட்டக்காரர்கள் அதைத் தம் ஆயுதமாக எடுக்கவில்லை. காக்ரன் தொழிலிலிருந்து ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பி 1878இல் காலமானார்.

மாற்றம் முதல் உலகப் போருக்குப் பிறகு வந்தது. நிம்சோவிச், ரேட்டி, தார்த்தகோவர் போன்றவர்கள் புதிய கேள்வி ஒன்றைக் கேட்டார்கள். நடுப்பலகையைச் சிப்பாயால்தான் பிடிக்க வேண்டுமா, தூரத்திலிருந்து காய்களால் அடக்கி வைத்தால் போதாதா? ரேட்டி 1924இல் நியூயார்க்கில் கபபிளாங்காவைத் தோற்கடித்தபோது ஐரோப்பா அதிர்ந்தது. எட்டு ஆண்டுகளாகத் தோல்வியே காணாதவர் கபபிளாங்கா. தார்த்தகோவர் தம் எழுத்தில் இந்தியத் தற்காப்பு என்ற பெயரை ஊரறியச் செய்தார்.

அந்த அலையில்தான் வியன்னாவின் எர்ன்ஸ்ட் க்ரூன்ஃபெல்ட் வந்தார். 1893இல் பிறந்தவர். சிறுவயதிலேயே ஒரு காலை இழந்தவர். ஓப்பனிங் பற்றிய தகவல்களைச் சேர்த்து வைப்பதில் அவருக்கு இணையில்லை என்று சக ஆட்டக்காரர்கள் மதித்தார்கள். 1922இல் அவர் குதிரை எஃப்6, ஜி6, டி5 என்ற அதே மூன்று நகர்த்தல்களைப் பெரிய போட்டிகளில் ஆடத் தொடங்கினார். அதே ஆண்டு வியன்னாவில் பின்னாளைய உலகச் சாம்பியன் அலெகைனை இதனாலேயே வென்றார். தோல்வியைத் தாங்க முடியாமல் அலெகைன் தம் ராஜாவை அறைக்குக் குறுக்கே வீசியெறிந்தார் என்ற கதை செஸ் உலகில் பிரசித்தம். அன்றிலிருந்து அந்த ஓப்பனிங் க்ரூன்ஃபெல்ட் தற்காப்பு. கல்கத்தா ஆட்டத்துக்கும் வியன்னாவுக்கும் இடையே 67 ஆண்டுகள்.

க்ரூன்ஃபெல்ட் மீது குறை சொல்வது நியாயம் ஆகாது. அவர் சொந்தமாக யோசித்து, ஆழமாக ஆராய்ந்து, உலகத்தரமான எதிரிகளுக்கு முன்னால் அந்த முறையை நிலைநிறுத்தினார். உழைப்புக்கான பெயர் அது. குறை, அவருக்கு முன்னால் ஆடியவரை ஓர் அடிக்குறிப்பில் அடக்கிவிட்ட செஸ் நூல்களின் மீதுதான். ஆங்கில எழுத்தாளர் பிலிப் சார்ஜென்ட் ஒருவர் அந்தக் கடனைத் தீர்க்க முயன்றார். 1934இல் வெளிவந்த தம் பிரிட்டிஷ் செஸ் வரலாற்றில், இந்தியத் தற்காப்புகளை ஐரோப்பியருக்குப் பெருமளவு கற்றுக்கொடுத்தவர்கள் மகேஷ்சந்திரரும் பிற இந்தியர்களுமே என்று அவர் பதிவு செய்தார். தம் சொந்த ஆட்டத்திலிருந்தே அவர்களுக்கு அது இயல்பாக வந்தது என்றும் எழுதினார்.

அதே இடத்தில் சார்ஜென்ட் மீர் சுல்தான் கானையும் நினைவுகூர்ந்தார். பஞ்சாபில் இந்திய விதிகளில் சதுரங்கம் பழகி, பிறகு ஐரோப்பிய விதிகளுக்கு மாறி, 1929, 1932, 1933 என மூன்று முறை பிரிட்டிஷ் பட்டம் வென்றவர் சுல்தான் கான். 1930–31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் கபபிளாங்காவையே வீழ்த்தினார். அந்த ஆட்டத்தின் ஓப்பனிங் குயின்ஸ் இந்தியன். அதைக் கறுப்பில் ஆடியவர் கபபிளாங்கா. எண்பது ஆண்டுகளுக்கு முன் இந்தியர்கள் கல்கத்தாவில் ஆடிய பாணி அதற்குள் உலகச் சொத்தாகியிருந்தது. சுல்தான் கானுக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை உலகச் செஸ் கூட்டமைப்பு 2024இல்தான் வழங்கியது. அவர் இறந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

க்ரூன்ஃபெல்ட் தற்காப்பின் பிற்கால வாழ்வு பெரியது. 1956இல் நியூயார்க்கில் பதின்மூன்று வயது பாபி ஃபிஷர் டொனால்ட் பைர்னுக்கு எதிராக ராணியைப் பலி கொடுத்து வென்ற ஆட்டம் இதில் தொடங்கியதுதான். அதை நூற்றாண்டின் ஆட்டம் என்று உலகம் கொண்டாடுகிறது. 1987இல் செவில் நகரத்து உலகப் பட்டப் போட்டியில் கார்ப்போவுக்கு எதிராகக் காஸ்பரோவ் இதை நம்பி ஆடினார்.

சென்னை வரையிலும் இந்தக் கோடு நீள்கிறது. 2010 ஏப்ரலில் சோஃபியாவில் டோபலோவுக்கு எதிரான உலகப் பட்டப் போட்டியின் முதல் ஆட்டத்தில் விஸ்வநாதன் ஆனந்த் கறுப்பில் எடுத்தது க்ரூன்ஃபெல்ட். முப்பது நகர்த்தலில் தோற்றார். ஆனாலும் போட்டியை 6.5–5.5 என்று வென்றார். 2012இல் மாஸ்கோவில் கெல்ஃபாண்ட் அதே முறையை ஆனந்துக்கு எதிராக ஆடினார். அந்தப் போட்டியின் எட்டாவது ஆட்டத்தில் கெல்ஃபாண்ட் மறுபடி குதிரை எஃப்6, ஜி6 என்று தொடங்கினார். ஆனந்த் பதினேழே நகர்த்தலில் அவருடைய ராணியைச் சிறைப்பிடித்து வென்றார். உலகப் பட்டப் போட்டிகளில் பலகையில் ஆடி முடிவு கண்டவற்றில் மிகக் குறுகிய ஆட்டம் அதுதான். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரென் கடைசி ஆட்டத்தில் வெள்ளைக் காய்களோடு ஆடியதும் இந்த அமைப்பையேதான், நிறம் மாற்றி. ஐம்பத்தைந்தாவது நகர்த்தலில் அவர் யானையைத் தவறான கட்டத்தில் வைக்க, பதினெட்டு வயது குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார்.

தமிழ்நாட்டில் இன்று தெருவுக்குத் தெரு செஸ் வகுப்புகள் நடக்கின்றன. அங்கே க்ரூன்ஃபெல்ட் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாடத்தை 1922 வியன்னாவில் தொடங்காதீர்கள். 1855 கல்கத்தா ஆட்டத்தின் பதினெட்டு நகர்த்தல்களையும் முதலில் பலகையில் வைத்துக் காட்டுங்கள். கறுப்புக் காய்களின் பக்கம் மகேஷ்சந்திர பானர்ஜி என்று பெயர் எழுதுங்கள்.